புது உளிகளில் துரு

4 நவம்பர், செவ்வாய்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் ஒரே புழுக்கம்.

கருவிப் பெட்டிகள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. ஏழு. வண்டிக்காரன் கையெழுத்துக்கு அவசரப்பட்டான். பிரித்துப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். "இன்னா மேடம், என்ன திருடன் மாரி பாக்குறீங்க" என்றான். அப்படித்தான் பார்த்தேன்.

வந்தவை: உளி 24. இழைப்புளி 8. கை ரம்பம் 8. மூலைமட்டம் 8. சுத்தியல் 8. எண்ணிக்கை சரி. ஆறு வருடமாக இந்தப் பயிற்சி மையத்தின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன், எதிலும் ஒன்றாவது குறையும். ஒன்றுமே குறையாததுதான் உறுத்துகிறது.

இழைப்புளி முழுக்க மஞ்சள் கிரீஸ், அதன்மேல் மெழுகுத்தாள். உளிகளின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் பெயரவில்லை. இவ்வளவு பூசி மறைக்க உள்ளே என்ன? பழையதைத் தேய்த்துப் புதிது என்று அனுப்பியிருந்தால்?

ஏகாம்பரம் மாஸ்டர் சிரித்தார். தச்சு வகுப்பு எடுக்கப்போகிறவர், ராஜகுளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். "துரு புடிக்காம இருக்க கம்பெனிலயே போடறது மேடம். கப்பல்ல வருது, குடோன்ல கெடக்குது. அப்டியே மரத்துல வெச்சா கறை ஏறும், தீட்டவும் முடியாது. மொதல்ல இத எடுக்கணும்."

எடுக்க அவர் இல்லை. மகளுக்குப் பிரசவம், நாளை முதல் லீவு, திங்களன்றுதான் வருவார். வகுப்புத் திறப்பு 12, புதன். பெண்களுக்கான முதல் தச்சு வகுப்பு, பன்னிரண்டு பேர். கருவி வாங்கித் தந்தவர்கள் நேரில் வருகிறார்கள். எல்லாம் மேஜைமேல் பளபளவென்று இருக்க வேண்டும் என்று மேலாளர் உத்தரவு. ஆக, துடைப்பது நான்.

மாஸ்டர் சொன்னது:
– கிரீஸுக்கு டர்பன்டைன், பனியன் வேஸ்ட்.
– உளிப் பூச்சுக்குத் தின்னர். நனைத்த துணியைச் சுற்றி ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.
– உப்புத்தாள் கூடாது.
– ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு ஆகாது.
– முடிந்தவுடன் மெஷின் எண்ணெய்.

பஸ் படியில் நின்று இன்னொன்றும் சொன்னார். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை.

5 நவம்பர், புதன்

வெயில், நடுநடுவே மேகம். காற்றே இல்லை.

12 உளி முடிந்தது. தலைவலி. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன், தின்னர் பட்டுப் பசையாகிப் பிய்ந்தது. கழற்றி எறிந்தேன். அப்புறம் வெறுங்கைதான்.

பூச்சு தோல் மாதிரி சுருண்டு வந்தது. கீழே இரும்பு வெள்ளையாக, ஒரு கீறல் இல்லை. நிஜமாகவே புதிது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மெஷின் எண்ணெய் டப்பா காலி. போன மாதம்தான் வாங்கினது. யார் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு அஞ்சலை டீ கொண்டுவந்தாள். கூடம் பெருக்குகிறவள், ஏரிக்கரைத் தெரு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மேஜை ஓரத்தில் நின்று பார்த்தாள். "வெள்ளி கணக்கா கீதும்மா." ஒரு உளியைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வைத்தாள். வைத்த இடம் முதலில் இருந்த இடம் அல்ல.

உளிகளைப் பேப்பர் விரித்து வரிசையாக அடுக்கிப் பூட்டினேன். கூடத்துக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம். ஒன்று அஞ்சலையிடம், காலை ஏழுக்குத் திறந்து பெருக்க.

வாட்ச் பின்மூடி மறுபடி அரித்துவிட்டது. மூன்றாவது வாட்ச். உத்திரமேரூர் கடைக்காரன் மட்டச் சரக்கைத் தலையில் கட்டுகிறான். இனி அங்கே போகக் கூடாது.

6 நவம்பர், வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தேன்.

உளிகளில் துரு.

நேற்று வெள்ளையாக வைத்துவிட்டுப் போனது. இன்று ஐந்து உளிகளில் ஆரஞ்சு நிறத்தில் தடம். திட்டுத் திட்டாக இல்லை, விரல் விரலாக. ஒன்றில் நாலு விரலும் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. யாரோ ஈரக்கையால் எடுத்து, பிடித்து, வைத்திருக்கிறார்கள்.

ஒன்றில் கட்டைவிரல் ரேகை நன்றாகவே தெரிகிறது. நடுவில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு, துரு பிடிக்காமல். வெட்டுக்காயத் தழும்பு மாதிரி.

அஞ்சலை தரை துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம்.

"அஞ்சல, உளியத் தொட்டியா?"

"நான் ஏம்மா அதத் தொடறேன். தரைய மட்டும் தான் தொடச்சேன்."

நேற்று என் கண்முன்னே எடுத்துப் பார்த்தவள். அதைச் சொன்னேன். "அது நேத்து. இன்னிக்கி தொடல" என்றாள். முகம் பார்த்துச் சொல்லவில்லை, வாளியைப் பார்த்துச் சொன்னாள்.

எண்ணெய் வாங்கிவந்து தேய்த்தேன். துரு போனது, நிழல் மாதிரி ஒரு கறை நின்றுவிட்டது. புதன்கிழமை வருகிறவர்கள் கண்ணில் அது பட்டால் பதில் சொல்ல வேண்டியது நான்.

மீதி 12 உளியும் முடித்தேன். எண்ணெய் இன்று போடவில்லை, போட்டால் தடம் தெரியாது. வரிசையை ஒரு தாளில் வரைந்துகொண்டேன். பிடிகளின் மேல் சாக்பீஸ் தூள் லேசாகத் தூவினேன். பார்ப்போம்.

மதியம் தயிர் சாதம். மாங்காய் ஊறுகாய் புளித்துவிட்டது.

7 நவம்பர், வெள்ளி

மழை விட்டது. ஈரக்காற்று.

எட்டேகாலுக்கே போய்விட்டேன். சாக்பீஸ் தூள் இல்லை. துளிகூட. உளிகளில் மறுபடி விரல்கள். இந்த முறை ஒன்பது.

அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"தூளு கெடந்துச்சி, தொடச்சேன். மேஜையத் தொடைக்காம வுட்டா அதுக்கும் திட்டுவீங்க."

"அப்ப தொட்ட."

"துணியால தட்டனேம்மா. கையி வெக்கல."

"கையக் காட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. அவள் புடவையில் துடைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பினாயில், பிளீச்சிங் பவுடர் பட்டு வெடித்த கை. கட்டைவிரலில் கோடு ஒன்றா இரண்டா, ஏழெட்டு. அதில் ஒன்று சாய்வாகவும் இருந்தது. போதும் என்று தோன்றியது.

மேலாளரிடம் சொன்னேன். தினமும் ஏழு மணிக்குத் தனியாக உள்ளே இருப்பவள், உளிகளை எடுக்கிறாள், வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாளோ என்னவோ என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆதாரம் கிடையாது. சொல்லும்போது ஆதாரம் இருப்பதுபோல்தான் இருந்தது.

அவர் ஆபீஸ் அறைக்கே அவளை வரவழைத்தார். கணினி வகுப்புப் பெண்கள் கதவோரம் நின்றார்கள். "வகுப்புத் திறப்பு முடியுற வரைக்கும் நீ வர வேணாம். சாவியக் குடுத்துட்டுப் போ" என்றார்.

அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள். நான் கை நீட்டினேன். என் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

திருட்டுப் புத்தி இல்லாதவள் என்றால் ஒரு வார்த்தையாவது பேசியிருப்பாள். பேசாததே சாட்சி.

8 நவம்பர், சனி

மப்பு. மழை இல்லை.

கூடத்தில் தனியாக. நிம்மதி. நாமே பெருக்கிக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

இழைப்புளி 4 முடித்தேன். கிரீஸ் மூலை முடுக்கெல்லாம் புகுந்திருக்கிறது, திருகாணி ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. கத்தியைத் தனியாக, அடிப்பாகத்தைத் தனியாக. டர்பன்டைனில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து. அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. நாலு தடவையாவது தடவியிருப்பேன். மீதி 4 பெட்டியிலேயே.

எண்ணெய் வேண்டுமென்றேதான் விட்டேன். அவள் இல்லாமல் துரு வருகிறதா என்று தெரிய வேண்டும். வராது. திங்களன்று மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.

நாலையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ சாவி ஒன்றே ஒன்று, என் கைப்பையில்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாம் சொன்னேன். பம்புசெட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "போன மாசம் பால்காரன். அதுக்கு மின்னாடி மீட்ரு பாக்க வந்தவன். இப்ப அஞ்சலையா" என்றார். பால்காரன் நிஜமாகவே தண்ணீர் ஊற்றினான், அதைச் சொன்னால் காதில் வாங்குவதில்லை.

"அவங்க அம்மா நம்ம கயனில நடவு நட்டவங்க. ஒரு கதிரு எடுத்துகினு போனதில்ல" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

9 நவம்பர், ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் இன்று இரண்டு கல்யாணம், இரண்டிலும் மைக். ரேஷன் கார்டைக் காணோம் என்று அரைநாள் தேடினேன், யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது. வைத்தது நானேதான்.

அஞ்சலை இன்று என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு தடவை நினைத்தேன். அப்புறம் நினைக்கவில்லை.

10 நவம்பர், திங்கள்

மறுபடி தூறல்.

பீரோவைத் திறந்தேன். நாலு இழைப்புளியிலும் துரு.

அடிப்பாகத்தில் முழு உள்ளங்கை. விரல்கள் விரிந்து, அழுத்திப் பதித்த மாதிரி.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கூடத்துச் சாவி இரண்டும் என்னிடம். பீரோ சாவி என்னிடம். முதலில் தோன்றியது: கள்ளச்சாவி. அடுத்து: மேலாளரே செய்கிறாரா, என்னை மாட்டிவைக்க? அவர் மேஜை டிராயரில் பழைய சாவிக்கொத்து ஒன்று உண்டு. எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். எதுவும் பீரோவுக்குப் பொருந்தாது.

பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், மைசூர்பாக்கு கொடுத்தார். ஒன்றும் சொல்லாமல் இழைப்புளியை நீட்டினேன். பேப்பரால் பிடித்து வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"யாரு மேடம் தொடச்சது?"

"நான்தான் மாஸ்டர்."

"கையக் காட்டுங்க."

காட்டினேன். எப்போதும்போல் ஈரம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், பரீட்சைப் பேப்பரே நனையும். வலது கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டின தழும்பு. சாய்வாக. பன்னிரண்டு வயதில் பூசணிக்காய் நறுக்கும்போது பட்டது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"வெறுங்கையால தொடாதீங்கன்னு பஸ்ல ஏறும்போதே சொன்னனே மேடம். சில பேரு வேர்வைல உப்பு ஜாஸ்தி. எங்க பெரியப்பா பையன் ஒருத்தரு, ரம்பத்தத் தொட்டா மறுநாளு செவந்துகினு நிக்கும். துணி சுத்திகினுதான் வேலை செய்வாரு. அந்த கிரீஸு இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. அத எடுத்துட்டா இரும்பு பச்சப்புள்ள மாரி."

சந்தேகம் எனக்கு அப்போதும் தீரவில்லை. ஒரு உளியைத் தின்னரில் துடைத்து நான் ஒரு நிமிடம் பிடித்திருந்தேன். இன்னொன்றை அவர் பிடித்திருந்தார். இரண்டையும் பேப்பர்மேல் வைத்தோம். மதியம் ஒன்றுமில்லை, எனக்குத் தெம்பு வந்தது. நாலு மணிக்கு என் உளியில் மஞ்சளாக ஒரு புகை. ஐந்துக்கு விரல் தெரிந்தது. அவருடையது வெள்ளையாகவே.

"எதுக்கு மேடம் இவ்ளோ சோதன?" என்றார். அஞ்சலை விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. சொன்னேன். மைசூர்பாக்கு டப்பாவை மூடினார்.

"அஞ்சலக்காவையா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் அக்கா என்கிறார். அவரைவிட நான் சின்னவள்.

மேலாளரிடம் போனேன். "சரி விடுங்க மேடம். புதன்கிழமை முடியட்டும். இப்பப் போயி அதக் கிண்டினா அந்தம்மாவுக்கு எளக்காரமாப் பூடும். வியாழக்கிழமை வரச் சொல்லிட்டா ஆச்சி." எனக்கு அது வசதியாக இருந்தது, மறைக்க மாட்டேன். மாஸ்டரும் யாரிடமும் சொல்கிறவர் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரை அந்த நிம்மதியோடு போனேன். ஸ்கூட்டர் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி அடியில் என் விரல் படுகிற நாலு இடத்தில் மட்டும் துரு. இத்தனை நாள் மழை என்று நினைத்திருந்தேன்.

11 நவம்பர், செவ்வாய்

மழை இல்லை. ஏரிக்கரையெல்லாம் சேறு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். ஆறு வருடத்தில் முதல் முறை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். துருவுக்குக் காரணம் என் கைதான், உன் கை இல்லை, தப்பு என்னுடையது என்று. மூன்று வாக்கியம். வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்தது.

"தெரியும்மா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"உங்க கையி. ரிஜிஸ்டரத் தொடைக்கும்போது தாளு நமுத்துகினு கீது. அந்த பீரோ கைப்பிடி, நீங்க புடிக்கிற எடம் மட்டும் செவப்பா வரும். வாரா வாரம் தேங்கா நாரு போட்டு நான் தான தேச்சிகினு கீறேன். அப்பப்ப மெஷினு எண்ண ரெண்டு சொட்டு உட்டு."

எண்ணெய் டப்பா காலியான கதையும் தெரிந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல அஞ்சல?"

கீரையைக் கீழே வைத்தாள். "கையக் காட்டுன்னு நீங்க கேக்கறீங்க. உங்க கையப் பாத்துக்கோங்கன்னு நான் சொல்ல முடியுமா? சொல்லிருந்தேன்னு வெச்சிக்கோங்க. நம்பிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். திமிர் என்று அதையும் மேலாளரிடம் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

"தெருவுல நாலு பேரு கேக்கறாங்க, இன்னா தூக்கிகினு வந்துட்டன்னு. எம் மருமவ கூட ஒரு மாரி பாக்கறா. சோறு போடறா, பாக்கறது வேற மாரி கீது."

வரச் சொன்னேன். வியாழக்கிழமை.

"வரேன். ஆனா சாவிய அல்லாரும் பாத்துகினு இருக்கும்போது வாங்கினீங்க. இப்ப இங்க வந்து காதுல சொல்றீங்க. அல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க. இல்லாங்காட்டி வாணாம். செங்கல் சூளைக்குப் போறேன்."

திரும்பும்போது செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு எழுந்து வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

12 நவம்பர், புதன்

வெயில். திறப்பு.

சால்வை, குத்துவிளக்கு, போட்டோ. வந்தவர்கள் நாலு பேரும் இழைப்புளியை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். துருவையெல்லாம் மாஸ்டர் நேற்றே தேய்த்து எடுத்துவிட்டிருந்தார், மிச்சக் கறை எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. மாஸ்டர் பின்னாலேயே எண்ணெய்த் துணியோடு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேர். ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு.

மேலாளரிடம் நாளை எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்றேன். "எதுக்கு மேடம் பேஜாரு" என்றார். "ஸ்டோர் பொறுப்பு உங்களுதுதானே, அப்புறம் உங்களுக்குத்தான் மரியாதை இருக்காது." நியாயம்தான். ஆனாலும் சொல்லப்போகிறேன் என்றேன். இவரிடமும் சொல்லிவிட்டேன், பின்வாங்காமல் இருக்க. தட்டில் இருந்து தலை நிமிர்ந்தார். "சரி" என்றார். கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார்.

13 நவம்பர், வியாழன்

காலையில் பனி. மழை இல்லை.

அஞ்சலை ஒன்பதரைக்கு வந்தாள். வெளுத்த நீலப் புடவை. படியேறாமல் கீழே நின்றாள்.

பன்னிரண்டு பேரும் மேஜையில். கணினி வகுப்பையும் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். மாஸ்டர், மேலாளர். மேலாளர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். எழுதிவைத்துப் படிக்கவில்லை. உளிகளில் துரு வந்தது என் கை வேர்வையால், நான் அஞ்சலைமேல் பழி போட்டேன், வெளியே கொண்டுபோகிறாள் என்றுகூடச் சொன்னேன், அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, அது பொய். பொய் என்ற சொல் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. குழந்தை மட்டும் சத்தம் போட்டது.

சாவியைக் கொடுத்தேன். என் உள்ளங்கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் வாங்கினாள், சாவியை முந்தானையில் துடைத்துவிட்டு முடிந்துகொண்டாள். "அக்கா, உள்ள வாங்க" என்றேன். அக்கா என்பது வாயில் இடறியது. அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

பெட்டியில் இன்னும் நாலு இழைப்புளி, கிரீஸோடு. மாஸ்டர் என்னைப் பார்த்தார், அப்புறம் அவளை. "அஞ்சலக்கா, உங்க கை காஞ்ச கை. இத நீங்க தொடைங்களேன், நான் காட்டறேன்."

அவள் உட்கார்ந்து துடைத்தாள். கற்றுக்கொடுக்க அதிகம் ஒன்றும் இல்லை. அடிப்பாகத்தைத் தொடாமல் பக்கவாட்டிலேயே பிடித்தாள், மாஸ்டர் சொல்வதற்கு முன்பே. பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மூன்றே காலுக்கு நாலும் முடிந்து எண்ணெயும் போட்டாகிவிட்டது.

பீரோவில் வைக்கப் போனேன். "இருங்கம்மா" என்றாள்.

"எழுதிக்கோங்க. இந்த நாலும் நான் தொடச்சது. இன்னா தேதி, எந்த நேரத்துல உங்க கையில குடுத்தேன், அல்லாம். அப்ப ஒண்ணும் இல்லாம சுத்தமா இருந்துச்சின்னும் எழுதணும்."

ரிஜிஸ்டரில் எழுதினேன். கைக்குக் கீழே துணி வைத்துக்கொண்டு. அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். முடிக்கும் வரை என் தோளுக்குப் பின்னால் நின்றாள். பேனாவை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ரிஜிஸ்டரை என் முன்னாலிருந்து எடுத்து மாஸ்டரிடம் கொண்டுபோனாள்.

"இன்னா எழுதிகீறாங்கன்னு படிங்க" என்றாள்.

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சத்தமாகப் படித்தார், ஒரு வரி விடாமல். கேட்டு முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.